அயலூரில் நமக்கொரு பந்தி

தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறி வாழும் தமிழன்பர்களிடம் பேசுவதற்கு ஒரு பொருளைத் தேடியபோது, எல்லோர்க்கும் பொதுவான ஒன்றையே எடுத்துக்கொள்ள வேண்டுமென்று தோன்றிற்று. இலக்கியம் சிலருக்கு உகந்தது, சங்கீதம் சிலருக்கு. உண்டியோ யாவர்க்கும் உரியது. ஆயினும் விருந்துகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கலியாணப் பந்தியில் எத்தனை வகை பரிமாறினாலும், அயலூரில் ஒரு மழைக்கால மாலையில், அலுவலகத்திலிருந்து அலுத்துத் திரும்பும் வேளையில், நம் நாக்கு கேட்பது அவற்றில் ஒன்றையும் அன்று. குழைந்த சோற்றில் வார்த்த மிளகு ரசத்தையும் சுட்ட அப்பளத்தையுமே அது கேட்கிறது. ஒருவர்க்குத் தயிர்ச் சோறும் மாவடுவும். மற்றொருவர்க்கு முதல் நாள் வைத்த மீன் குழம்பும் மறுநாள் காலைத் தோசையும். வேறொருவர்க்குக் கம்பங்கூழும் மோர் மிளகாயும். பழைய சோற்றில் நீர் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்டவர்கள், பின்னர் எத்தனை பெரிய உத்தியோகத்துக்கு உயர்ந்தாலும் அந்தச் சுவையை மறப்பதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடநாட்டு நண்பர்கள் 'மதராஸி சாப்பாடு' என்று ஒன்றைக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். இட்டலி, தோசை, வடை, சாம்பார் என்ற நான்கோடு அது முடிந்துவிடும். நாமும் அதை மறுத்துரைக்காமல், அவர்கள் நம்மைப் பற்றி அறிந்தது இவ்வளவாவது உண்டே என்று சும்மா இருந்துவிட்டோம். கருவாட்டுக் குழம்பும், களியும் கீரையும், ஆட்டுக்கால் சாறும், வாழைக்காய்ப் பொடிமாஸும் எல்லாம் தமிழர் உண்டியே. இந்த நால்வகைக்கு அப்புறமும் நமக்கு ஓர் அடுப்பு உண்டு என்பதை நண்பர்களை வீட்டுக்கு அழைத்துத்தான் காட்டவேண்டும்.

ரசத்தின் கதை சுவையானது. புளியும் மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்ந்த இந்த நீரை நம் முன்னோர் மிளகுத் தண்ணீர் என்றே வழங்கினர். மிளகாய் நம் நாட்டுக்குப் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். சென்னையில் இருந்த ஆங்கிலேயர் இந்த மிளகுத் தண்ணீரில் மாமிசத்தையும் வேறு பலவற்றையும் சேர்த்து, 'மல்லிகட்டானி' என்று பெயரைச் சிதைத்து, தங்கள் விருந்து மேசையின் முதற் பண்டமாக்கிக்கொண்டனர். மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயருக்கே அதனால் 'மல்' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. காய்ச்சலில் படுத்த தமிழன் குடிக்கும் ரசம், கடல் கடந்து லண்டன் மாநகரில் கோட்டும் தொப்பியும் அணிந்தது என்றால் மிகையாகாது. இருந்தாலும் காய்ச்சலில் படுத்தவனுக்கு அந்த லண்டன் சரக்கு உதவாது. நமக்கு நம் ரசந்தான் வேண்டும்.

அயலூரில் குடும்பம் நடத்தும் பெண்மணிகள் யாரைக் கேட்டாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: மாவு பொங்கவில்லை. ஆண்கள் சிரித்துவிட்டுப் போகிற இந்த விஷயத்தில் நியாயம் நிரம்ப இருக்கிறது. தில்லியில் ஜனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை ஏழெட்டுப் பாகைக்கு இறங்கிவிடும். அரிசியையும் உளுந்தையும் ஆட்டி வைத்தால், உளுந்தில் இயல்பாகவே உள்ள லூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் பெருகி, மாவைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மாவு பாத்திரத்தின் விளிம்பு வரை எழும்புகிறது. இந்த வேலைக்கு ஏறக்குறைய முப்பது பாகை வெப்பம் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அது வானம் கொடுக்கும் இனாம். தில்லியில் அதை நாம் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துகிறார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் இறக்கி வைக்கிறார்கள். மின்சார அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதன் சூட்டில் வைப்போரும் உண்டு. வீட்டுக்கு வந்த பஞ்சாபி அண்டை வீட்டார், கட்டிலில் போர்வைக்குள் படுத்திருப்பது யார் என்று விசாரித்த கதையைத் தில்லித் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கலாம். உளுந்தை ஒரு பிடி கூட்டுவது, சிறிது அவலோ பழைய சோறோ சேர்த்து ஆட்டுவது, வெந்தயத்தை மறக்காமல் இருப்பது என்று குளிர் நாட்டுக்கென ஒரு தனிச் சாஸ்திரமே இவர்கள் கையில் வளர்ந்திருக்கிறது. புழுங்கலரிசி கிடைக்காத ஊரில் இட்டலி ரவையைக் கொண்டு சமாளிக்கிறார்கள். இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமல், ஒரு மாடிப்படியிலிருந்து அடுத்த மாடிப்படிக்கு வாய்மொழியாகவே பரவியவை. அத்தனை பாடுபட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஈடு இட்டலி பூப்போல இறங்கும்போது அந்த வீட்டில் ஏற்படும் மகிழ்ச்சியை, ஊரிலே நினைத்த போதெல்லாம் இட்டலி உண்பவர்கள் அறியமாட்டார்கள்.

கோயம்புத்தூரில் 1955-இல் மின்சாரத்தால் சுழலும் ஆட்டுக்கல் உருவாயிற்று. அதற்குப்பின், ஊருக்குச் சென்று திரும்பும் தமிழரின் மூட்டைகளில் அதுவும் ஒன்றாயிற்று. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும், 1976 முதல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும், இருக்கைக்கு அடியில் கல்லை ஏற்றி, ஒவ்வொரு நிலையத்திலும் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். வழியில் உண்பதற்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டலி இலையில் மடித்திருக்கும். எண்ணெய் ஊறி, சற்றே அமுங்கி, மறுநாள் பகலில் உண்ணும் அந்த இட்டலிக்கு நிகரான பிரயாண உணவை எந்தச் சமையல் வண்டியும் கொடுத்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

வீட்டுச் சமையலைப் பற்றி இவ்வளவு போதும். இனி வெளியே சென்று உண்பதைப் பேசுவோம். 'ஹோட்டலில் சாப்பிடுவது' என்றாலே முகத்தைச் சுளித்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. வீட்டில் செய்யாததையா அங்கே செய்துவிடுகிறான் என்பது அவர்கள் வாதம். செய்வது வீட்டில் செய்வதையேதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் உண்ணும்போது ஒருவர் உண்ண மற்றொருவர் நிற்கிறார். கடையில் அம்மாவும் உட்காருகிறார். அவருக்கும் ஒருவர் பரிமாறுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே மாதத்தில் ஒரு மாலை குடும்பத்தோடு வெளியே உண்பதை நான் ஆதரிப்பேன்.

அன்றியும், அழைப்பில்லாமல் செல்லக்கூடிய பந்தி அது ஒன்றே. உட்கார்ந்தவுடன் பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பட்டியலை முழுவதும் கேட்டு, நன்றாக யோசித்து, கடைசியில் எப்போதும் கேட்கிற மசால் தோசையையே கேட்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, 'அதைச் சொல்லியிருக்கலாமே' என்று ஏங்குவது இன்னோர் இன்பம். டபராவுக்கும் தம்ளருக்குமிடையே காப்பியை ஆற்றும்போது எழும் நுரையும் மணமும் இருக்கிறதே, அதற்காகவே சிலர் சிற்றுண்டியை விரைவாக முடித்துவிடுகிறார்கள். சிக்கரி கலந்தால் காப்பி கெட்டது என்று சொல்லும் பரிசுத்தவாதிகளும் நம்மிடையே உண்டு. சட்டம் நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்கு வரை சிக்கரியை அனுமதிக்கிறது. இருபது, முப்பது பங்கோடு நிறுத்திக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்கு ஆட்சேபமில்லை. பாலை எதிர்த்து நிற்க அந்தக் கரிய துணை வேண்டியிருக்கிறது.

பம்பாய் மாநகரின் மாதுங்காவை அறியாத தமிழர் அங்கே இருக்க முடியாது. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் பீடித்தபின், நெருக்கத்தைக் குறைக்க நகர அபிவிருத்தி டிரஸ்ட் வடக்கே திட்டமிட்டு அமைத்த குடியிருப்புகளில் தாதர்-மாதுங்கா பகுதியும் ஒன்று. எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் ரயிலேறி வந்த தென்னாட்டு இளைஞர்கள் அங்கே அறை எடுத்துத் தங்கினர். கோயிலும் பஜனை சமாஜமும் பள்ளிக்கூடமும் வந்தன. அவற்றோடு சாப்பாட்டு விடுதிகளும் வந்தன. கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகில் 1940-இல் தொடங்கிய கஃபே மதராஸும், ரயில் நிலையத்தின் பக்கத்தில் ராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங்கும் இன்றளவும் பேர்பெற்றவை. இவற்றை நடத்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழரல்லர்; கன்னடக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். நம் வயிற்றுக்கு அயலூரில் காவலாக நின்றவர்கள் அவர்களே. அவர்கள் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று தலைமுறையாக உண்டு வருகிறோம்.

மாதுங்காவுக்கு அடுத்தாற்போல் தாராவி. அங்கேயும் தமிழர் உண்டு. அவர்கள் வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் பலர். அவர்கள் சந்துகளில் விடியுமுன்னே இட்டலி வேகிறது. பெரிய அலுமினியப் பாத்திரங்களில் இட்டலியும் வடையும் சட்டினியும் நிரப்பி, சைக்கிளில் கட்டி, ரப்பர் குழல் ஊதிக்கொண்டு நகரமெங்கும் விற்கச் செல்கிறார்கள். அந்தக் குழலோசை கேட்டுக் கையில் பாத்திரத்தோடு இறங்கி வருகிறவர்கள் மராட்டியரும் குஜராத்தியரும் ஆவர். மாதுங்காவின் விடுதிகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பம்பாய்க்கு வீதி வீதியாக இட்டலியைப் பழக்கிய இந்தச் சைக்கிள்காரரைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

உணவுச்சாலையின் கதவு எல்லோர்க்கும் ஒரேவிதமாகத் திறந்திருந்ததும் இல்லை. நம் ஊரிலேயே காப்பிக் கிளப்புகளில் சாதிக்கொரு பகுதி இருந்த காலம் இருந்தது. 'பிராமணாள்' என்ற சொல் பெயர்ப் பலகையில் நெடுங்காலம் தொங்கியது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஒரு கடையின் பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கக்கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. நடத்திய மறியலில் பலர் சிறை சென்றனர். பெங்களூரில் 1924-இல் 'பிராமின் காபி கிளப்' என்று தொடங்கிய கடையே 1951-இல் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று அறியாமல், அறியவேண்டிய அவசியமும் இல்லாமல், ஒரே மேசையில் காப்பி அருந்துவது இன்று நமக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அது தானாக வந்த சாதாரணமன்று.

அந்த மாவள்ளிக் கடைதான் இரண்டாம் உலகப் போரின் போது பர்மா அரிசி நின்றுபோக, ரவையைக் கொண்டு இட்டலி செய்து உலகுக்கு ரவா இட்டலியை அளித்தது. 1975-இல் வந்த நெருக்கடி நிலைக் காலத்தில் விலைக் கட்டுப்பாடு காரணமாகக் கடையை நடத்த முடியாதபோது, அதே கலவையைப் பொட்டலங்களாக்கி விற்கத் தலைப்பட்டது. இன்று குவாஹாட்டியிலோ ஜபல்பூரிலோ தனியே குடியிருக்கும் இளைஞர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அரைமணியில் பசியாறுகிறார்.

காப்பிக்கென்றே எழுந்த சாலைகளும் உண்டு. காபித் தீர்வைக் குழு 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தது. கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் வந்தது, வங்க எழுத்தாளர்க்கும் மாணவர்க்கும் இரண்டாம் வீடாயிற்று. ஐம்பதுகளில் காபி போர்டு இந்தச் சாலைகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த பணியாளர்கள் ஏ. கே. கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து 1957 முதல் தாங்களே நடத்தத் தொடங்கினர். தலைப்பாகையணிந்த அந்தப் பணியாளர், ஒரு கோப்பையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பமாட்டார். கல்கத்தாவிலேயே தமிழ்ச் சுவை வேண்டுவோர் ராஷ்பிஹாரி அவென்யூவில் லேக் மார்க்கெட் பக்கம் போகவேண்டும். தில்லியில் கனாட் பிளேஸில் மதராஸ் ஹோட்டல் என்றொரு கடை இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர் ஏற்பட்டு, கடை மூடியபின்னும் நடத்துநர்கள் அப்பெயரைச் சொல்லிக் கூவி வந்தனர்.

இக்கடைகள் நம்மை அடையாளங் காட்டின. அதனால் துன்பமும் வந்தது. பம்பாயில் 1966-க்குப் பின் சில ஆண்டுகள் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, கல்லெறிக்கு முதலில் அகப்பட்டவற்றுள் தென்னாட்டு உணவுச்சாலைகளும் இருந்தன. அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தரை இன்னாரென்று கண்டுபிடிப்பது சிரமம். இட்டலிக் கடை வீதியில் நிற்கிறது. அடுத்த நாள் அதே கடைகள் அடுப்பை மூட்டின. உண்ண வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்களே.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். சென்னை வாசிகள் சாம்பாரில் மிதக்கும் இட்டலிக்குத் தேடிச் செல்லும் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயை 1948-இல் தொடங்கியது வடநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். நமக்குச் சாம்பார் இட்டலி படைத்த கை அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வடநாட்டுக் கடைக்காரர் தோசைக்குள் பனீரை வைத்து மடிக்கும்போது அவ்வளவு கோபம் வராது. தோசை எத்தனையோ பார்த்தாயிற்று, பனீரையும் தாங்கும்.

பெற்றோர்கள் கவலையோடு என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. 'எங்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் ரசம் சாதம் கேட்பதில்லை; ராஜ்மாவும் சோறும் கேட்கிறான். நம் நாக்கே அவனுக்கு இல்லாமற் போய்விட்டதோ?' இந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். மொழி போகிறது, உடை போகிறது, உணவாவது மிஞ்சுமென்று நம்பியிருந்தவர்களுக்கு அது கடைசி மதில் இடிவது போன்றது. எனினும் அந்தப் பையன் பிறந்தது லாஜ்பத் நகரில். பள்ளித் தோழன் வீட்டில் அன்போடு இட்டது ராஜ்மா. அதன்மேல் அவனுக்கு ஆசை உண்டாவதில் குற்றம் எங்கே? அவனைத் திட்டி ரசம் உண்ணச் செய்தால், ரசம் அவனுக்குத் தண்டனையாகிவிடும். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் ராஜ்மா செய்யுங்கள். மற்றொரு நாள் அவன் தோழனுக்குத் தோசை வார்த்துப் போடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் 'இன்னும் கொஞ்சம் பொடி போடு பாட்டி' என்று பிழையில்லாத தமிழில் கேட்பதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கவலை ஒன்றிருக்கிறது. அது மெஸ் எனப்படும் சிறு சாப்பாட்டு விடுதியைப் பற்றியது. பெரிய பெயர்கள் பிழைத்துக்கொள்ளும். இரண்டு அறையில், ஒரு சமையற்காரரும் ஒரு பையனும் வைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் பிரம்மசாரிகளுக்குச் சோறிடும் விடுதிகள் அப்படியல்ல. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் கதவடைத்தபோது உண்பவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வாடகை நிற்கவில்லை. திரும்பி வந்தவர்கள் கண்டது பல இடங்களில் பூட்டிய கதவைத்தான். இப்போது இளைஞர்கள் கைப்பேசியில் கட்டளையிட, உணவு பெட்டியில் வீடு தேடி வருகிறது. வசதிதான், ஆனால் தோசை காத்திருக்கும் பண்டமன்று. கல்லிலிருந்து எடுத்த ஐந்தாம் நிமிஷத்தில் அதன் முறுவல் போய்விடும். பெட்டிக்குள் வியர்த்துத் துவண்டு வரும் தோசையைத் தனியறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு உண்பது வயிற்றை நிரப்பும், அவ்வளவே. மெஸ்ஸில் அடுத்த இலைக்காரர் வேலைக்கு ஆள் எடுப்பதைச் சொல்வார். காலியான அறையைச் சொல்வார். ஊருக்குப் போகிறவர் யார் என்று சொல்வார். இரண்டு நாள் வராவிட்டால், 'தம்பி, உடம்புக்கு என்ன?' என்று கேட்க ஓர் ஆள் அங்கே இருந்தார். அந்த ஆளைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

ஆகையால் அயலூருக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. வாழையிலையும் தொடுத்த மல்லிகையும் விற்கும் இடம் எதுவென்று விசாரியுங்கள். லேக் மார்க்கெட்டிலும் மாதுங்காவிலும் அதுவே வழிகாட்டி. அதன் சுற்றுப்புறத்தில் புதிதாக வறுத்து அரைத்த காப்பிப் பொடி மணக்கும். அந்தக் கடைக்காரரைக் கேட்டால், பலகை கூட இல்லாத மெஸ் எந்த மாடியில் இருக்கிறதென்று சொல்லிவிடுவார். பகல் இரண்டு மணிக்குமேல் போகாதீர்கள், பொரியல் தீர்ந்திருக்கும். முதல் நாள் போகும்போது, ரசத்தைச் சோற்றில் விட்டுக்கொள்வதோடு நில்லாமல், ஒரு தம்ளரில் தனியாகவும் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பரிமாறுபவர் அன்றிலிருந்து உங்களை நினைவு வைத்துக்கொள்வார்.